பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகும் புதுத் தன்னார்வலர்களுக்கு: உடம்பு விஷயத்தைக் கேட்பதும் காப்பதும்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று கேரள, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற நம் ஊர்களில் ஓணம் லீவோ கோடை லீவோ விட்டால் போதும், வாசகசாலைக்காரர்கள், கிளப் பையன்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று யாராவது சிறுவர் சிறுமிகளைத் திரட்டிக்கொண்டு நெல்லியாம்பதிக்கோ தோணி மலைக்கோ பறம்பிக்குளத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் பஸ், சாப்பாடு, தொப்பி, தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவர்கள், பிள்ளைகளின் உடம்பு விஷயம் வரும்போது எதையுமே கேட்காமல் விடுகிறார்கள், இல்லையென்றால் எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் கேட்கிறார்கள். "உங்கள் பிள்ளைக்கு ஏதாவது நோய் இருந்தால் இங்கே பதிவிடவும்" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் போகும். அதற்குக் கீழே ஒரு அம்மா, வெள்ளந்தியாக, மகன் பெயர், வீசிங் எப்போது வரும், எந்த டாக்டர், எந்த மருந்து எல்லாவற்றையும் எழுதியிருப்பார். அந்தப் பையனோடு படிக்கிற பிள்ளைகளின் வீட்டார் அத்தனை பேரும் அந்தக் குரூப்பில் இருப்பார்கள்.

முதல் தடவை இப்படி ஒரு பயணத்துக்குப் பொறுப்பேற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது: கூட வருகிறவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்தால் போதும், பிள்ளைக்கு என்ன நோய் என்பது தெரிய வேண்டியதில்லை. நோயின் பெயர் ஒருவரிடமோ இருவரிடமோ இருக்கட்டும். செய்ய வேண்டியது எல்லோரிடமும் இருக்கட்டும்.

படிவம் அடிக்கும் முன் எங்கே போகிறீர்கள் என்று பாருங்கள்

கேள்விகள் இடத்தைப் பொறுத்தவை. ஊர் ஏரிக்கரையில் காலையில் பறவை பார்த்துவிட்டுப் பத்து மணிக்குத் திரும்புவதானால் மூன்று கேள்வி போதும்: திடீரென்று வரக்கூடிய உடல்நலப் பிரச்சினை ஏதாவது உண்டா, ஒவ்வாமை உண்டா, அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய மருந்து உண்டா. அதற்கு மேல் கேட்பது வம்பு.

நெல்லியாம்பதி என்றால் கதை வேறு. போத்துண்டி அணை தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள், மேலே குளிர், மழைக்காலமானால் அட்டைப்பூச்சி. பெரிதாக ஏதாவது ஆனால் நெம்மாறைக்கு இறங்கி வர வேண்டும். பயணத்தில் வாந்தி, குளிரில் மூச்சிரைப்பு, ரத்தம் உறைவதில் சிக்கல் ஆகியவற்றை அங்கே கேட்கத்தான் வேண்டும். பறம்பிக்குளம் இன்னும் வேறு மாதிரி. இடம் கேரளத்தில், வழி தமிழ்நாட்டில்: பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை, டாப்ஸ்லிப் என்று சுற்றித்தான் உள்ளே போக முடியும். ராத்திரி அங்கே ஒரு பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் போவதும் பொள்ளாச்சிப் பக்கம்தான், அதுவும் காட்டுப் பாதையில். அங்கே ராத்திரி தங்குவதானால் தூக்கம், ராத்திரி மருந்து, படுக்கை எல்லாவற்றையும் பற்றிக் கேட்க வேண்டிவரும். அட்டப்பாடி வழியாக முக்காலி, சைலன்ட் வேலி போகிறவர்கள் அகளியும் கோட்டத்தறை அரசுப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையும் எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் நேரே, "இது தெரிந்தால் நான் எதை மாற்றுவேன்?" என்று எழுதிப் பாருங்கள். எதையும் மாற்றமாட்டீர்கள் என்றால் அந்தக் கேள்வியை அடித்துவிடுங்கள். சிறுவயதில் என்ன ஆபரேஷன் நடந்தது, வீட்டில் வேறு யாருக்கு என்ன நோய், ஆதார் எண், சாதி, இதெல்லாம் ஏதோ பள்ளிச் சேர்க்கைப் படிவத்திலிருந்து நகலெடுத்து வருபவை. ஹெச்.ஐ.வி. பற்றிக் கேட்கவே கூடாது. 2017ஆம் ஆண்டின் ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் ஒருவரை அதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. கையுறை போட்டுத்தான் காயத்தைத் தொட வேண்டும் என்பதை எல்லாப் பிள்ளைக்கும் பொது விதியாக வைத்துவிட்டால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. மாதவிடாய் பற்றியும் படிவத்தில் கேட்க வேண்டாம். பேட், மாற்று உடை, பழைய செய்தித்தாள், கவர் எல்லாம் இந்தப் பையில் இருக்கிறது, யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று பெண்பிள்ளைகள் எல்லோருக்கும் கூட வரும் அக்கா ஒருவர் சொன்னால் முடிந்தது.

கேட்கும் விதம்

வருகைப் பட்டியலும் உடல்நலப் படிவமும் ஒரே தாளில் இருக்கக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் வருகைப் பட்டியல் டிரைவர் கையில் போகும், சமையல்காரர் கையில் போகும், செக்போஸ்டில் காட்டப்படும், ஜெராக்ஸ் கடையில் ஒரு நகல் கிடக்கும். ஓரத்தில் "ஃபிட்ஸ்" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால் அது அத்தனை கைக்கும் போகிறது.

என் யோசனை காகிதம்தான். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், ஒரு கவர், மேலே பெயர் மட்டும், ஒட்டித் தரச் சொல்லுங்கள். காட்டுக்குள் சிக்னல் கிடையாது, போனில் இருக்கிற படிவம் வேண்டிய நேரத்தில் திறக்காது என்பது இன்னொரு காரணம். தமிழிலும் மலையாளத்திலும் அச்சடியுங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் நிறையப் பேருக்குத் தமிழ்தான் எழுத வரும், பாலக்காட்டில் பார்க்கிற நர்ஸுக்கு மலையாளம் இருந்தால்தான் சட்டென்று புரியும். மருந்தின் பெயரை மட்டும் நினைவிலிருந்து எழுத வேண்டாம், மாத்திரை ஸ்டிரிப்பைப் பார்த்து அதில் இருக்கிறபடியே ஆங்கில எழுத்தில், மில்லிகிராம் உட்பட எழுதச் சொல்லுங்கள். ஸ்டிரிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லாதீர்கள். அந்தப் போட்டோ உங்கள் கேலரியில் ஏறி, அங்கிருந்து தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய், வீட்டில் எல்லோரும் பார்க்கிற டேப்லெட்டில் வந்து நிற்கும்.

கூகுள் ஃபார்ம் வைத்தே தீருவேன் என்கிறவர்கள் இரண்டு இடத்தைப் பாருங்கள். பதில் அனுப்பியவர்கள் மற்றவர்களின் பதில்களின் தொகுப்பைப் பார்க்க வழிசெய்கிற ஒரு அமைப்பு அதில் இருக்கிறது, அது அணைந்திருக்க வேண்டும். அப்புறம், திருத்தும் அனுமதியோடு லிங்க்கை எல்லாத் தன்னார்வலர்களுக்கும் பகிர்ந்தால் அவர்கள் அத்தனை பேரும் எல்லாப் பதிலையும் படிக்கலாம். பொறுப்பாளரின் கணக்கில் மட்டும் இருக்கட்டும்.

படிவத்தின் முதல் வரியில் எதற்காகக் கேட்கிறோம், யார் படிப்பார்கள், எப்போது அழிப்போம் என்று மூன்றையும் எழுதிவிடுங்கள். "இதை எழுதியதற்காக எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்" என்றும் எழுதலாம், ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும். இந்த ஒரு பயம்தான் பெற்றோரை மறைக்க வைக்கிறது.

தகவல் பெற்றோரிடமிருந்து வரட்டும். டீச்சர் சொன்னார், ஊர்ச் சுகாதாரப் பணி பார்க்கிற ஆஷா அக்கா சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று வருவதைக் காதில் வாங்கிக்கொண்டு குறிப்பெழுதாதீர்கள். சந்தேகம் இருந்தால் அந்த வீட்டுக்கே நேராகப் பேசுங்கள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பழங்குடிப் பிள்ளைகள் வருவதானால் வார்டனின் கையெழுத்தோடு நிறுத்திவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. வார்டனிடம் அனுமதி வாங்குவது ஒரு காரியம், தாய் தகப்பனிடம் உடல்நலம் கேட்டுச் சம்மதம் வாங்குவது இன்னொரு காரியம். எஸ்.டி. புரொமோட்டர் (பழங்குடிக் குடும்பங்களோடு தொடர்பில் இருக்கிற அரசுப் பணியாளர்) மூலம் வீட்டாரைப் போனில் பிடித்து அவர்களிடமே கேளுங்கள். நடுவில் இருக்கிறவரை விஷயத்தைச் சொல்லித்தரச் சொல்ல வேண்டாம், லைன் போட்டுக் கொடுத்தால் போதும்.

பெற்றோரிடம் பேசுவது

படிவத்தில் ஏதாவது எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீட்டுக்கும் பொறுப்பாளர் தனியாகப் போன் செய்ய வேண்டும். இதில் நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதியவர்கள்கூடப் பேச்சில் சொல்வார்கள்.

ஒரு அம்மா என்னிடம் பேசியது இப்படி: "அக்கா, நான் தாள்ல எழுதலை. பாப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஃபிட்ஸ் வந்துச்சு. மாத்திரை குடுக்குறோம், இப்ப வர்றதில்லை. வெளிய தெரிஞ்சா நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் காட்சின்னு பேசும்போது இதைத்தான் தூக்கிட்டு வருவாங்க." அவர் பயத்தில் பொய்யில்லை, அப்படித்தான் நடக்கிறது. நான் சொன்னது: "சரிம்மா, நோய் பேரு என்னோட இருக்கட்டும். ராத்திரி எத்தனை மணிக்கு மாத்திரை, தூக்கம் கெட்டா வருமா, வந்தா எப்படி வரும், எவ்வளவு நேரம் இருக்கும், டாக்டர் என்ன செய்யச் சொல்லியிருக்கார், இதை மட்டும் சொல்லுங்க. கூட வர்றவங்க ஒருத்தருக்குத் தெரியணும், அது யாருன்னு நீங்களே சொல்லுங்க." அவர் யோசித்து, தனக்குத் தெரிந்த ஒரு சேச்சியின் பெயரைச் சொன்னார். அத்தோடு விஷயம் இரண்டே பேரிடம் நின்றது.

பிள்ளையிடமும் பேசுங்கள். இதைத்தான் நாம் மறக்கிறோம். எட்டு வயதுக்கு மேல் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பைப் பற்றி ஒரு கருத்து இருக்கிறது. ஒருத்தி எல்லோர் முன்னாலும் விரலைக் குத்திச் சுகர் பார்ப்பாள், அதைப் பற்றித் தோழிகளுக்குப் பாடமே எடுப்பாள். இன்னொருவன் இன்ஹேலரைக் கழிப்பறையில் போய்த்தான் அடிப்பான். இரண்டும் சரி. "நீ எப்படிச் செய்யணும்னு நினைக்கிற? யாருக்குத் தெரியலாம்?" என்று கேட்டுவிட்டு அதன்படி நடந்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை "நானே டீச்சர்கிட்ட சொல்லிக்கிறேன்" என்றால் விட்டுவிடுங்கள், சொன்னதா என்று மட்டும் அன்று காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில சமயம் கூட்டிப்போக முடியாது என்றுதான் முடிவாகும். மருத்துவமனைக்கு வர மூன்று மணி நேரம் ஆகும் இடத்துக்கு, போன மாதம்தான் ஐ.சி.யூ.வில் இருந்து வந்த பிள்ளையைக் கூட்டிப்போவது சரியில்லை. அதைப் பெற்றோரிடம் நேராகச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளையும் வரக்கூடிய இன்னொரு நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள். மற்றவர்கள் "ஏன் அவன் வரலை?" என்று கேட்டால் "இந்தத் தடவை வரலை" என்பதோடு பேச்சு முடிய வேண்டும்.

யாருக்கு எவ்வளவு

உடல்நலப் பொறுப்பாளர் ஒருவர், அவருக்கு மாற்றாக இன்னொருவர். கவர்கள் இவர்கள் பையில்தான். மற்றத் தன்னார்வலர்களுக்குத் தருவது ஒரு செயல் சீட்டு. அதில் நோய் பெயரும் இருக்காது, பிள்ளை பெயரும் இருக்காது. நாங்கள் வைத்திருக்கிற சீட்டு ஒன்று:

"கீழே விழுந்து கை கால் வெட்டி இழுத்தால்: மணி பார். பக்கத்தில் கல், கட்டை இருந்தால் அகற்று. தலைக்கடியில் துணி வை. ஒருக்களித்துப் படுக்க வை. வாயில் எதையும் வைக்காதே, தண்ணீர் ஊற்றாதே, கையில் சாவி திணிக்காதே, அழுத்திப் பிடிக்காதே. மற்ற பிள்ளைகளை அந்தப் பக்கம் திருப்பிக் கூட்டிப் போ. பொறுப்பாளரைக் கூப்பிடு. ஐந்து நிமிடம் தாண்டினால், அல்லது நின்று மறுபடி வந்தால் 108."

இதே போல் மூச்சிரைப்புக்கு ஒன்று, சர்க்கரை குறைந்தால் ஒன்று, குளவி தேனீ கொட்டி முகம் வீங்கினால் ஒன்று, பாம்புக் கடிக்கு ஒன்று. கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லாத் தன்னார்வலர்களையும் உட்கார வைத்து ஒரு மணி நேரம் செய்து பார்க்க வையுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எது வந்தாலும் எல்லோருக்கும் கை ஓடும். யாரும் எழுதித் தராத பிள்ளைக்கும் இது உதவும். முதல் வலிப்பு எந்தப் படிவத்திலும் எழுதப்பட்டிருக்காது.

சின்னக் குழுக்களாகப் பிரிந்து நடக்கும்போது அந்தக் குழுவை நடத்துகிறவருக்கு ஒரு பெயர் தெரிய வேண்டியிருக்கலாம். அப்போது வாயால், தனியாக, செய்ய வேண்டியதை மட்டும் சொல்லுங்கள்: "நீலப் பை வெச்சிருக்கிற பொண்ணு வேர்த்துப்போய் எரிச்சலா பேசினா உடனே உட்கார வெச்சு ஜூஸ் குடு, என்னைக் கூப்பிடு." நடுவழியில் பிள்ளை குழு மாறினால் இந்தத் தகவலும் கூடவே மாற வேண்டும். இங்கேதான் அதிகம் சறுக்குகிறது.

விஷயம் வெளியே போவது பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் இல்லை, இரக்கத்தால்தான். "பாவம், அந்தப் பிள்ளைக்கு இப்படியாம், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஒரு சேச்சி இன்னொருவரிடம் சொல்வார், அவர் டிரைவரிடம் சொல்வார், சாயங்காலத்துக்குள் எல்லோரும் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும். "நீ ஓடாதே, நீ ஏறாதே, நீ உட்காரு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். மலை பார்க்க வந்த பிள்ளை நோயாளியாக வீடு திரும்பும். தன்னார்வலர் கூட்டத்தில் இதை உடைத்தே சொல்லுங்கள்: அக்கறையில் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

திட்டத்தையே எல்லோருக்குமாக மாற்றுங்கள்

எனக்கு இதில்தான் மிகுந்த நம்பிக்கை. ஒரு பிள்ளைக்காக விதிவிலக்கு வைத்தால் அந்தப் பிள்ளை தனியாகத் தெரியும். அதையே எல்லோருக்கும் பொது நடைமுறையாக்கினால் தெரியாது.

வலிப்பு உள்ள பிள்ளைக்குத் தூக்கம் கெடுவதும் ஒரு வேளை மாத்திரை தவறிப்போவதும் ஆபத்து. அதற்காக அவளை மட்டும் ஒன்பதரைக்குப் படுக்க அனுப்பிவிட்டு மற்றவர்களைத் தீமூட்டி நடுராத்திரி வரை பாட விடாதீர்கள். எல்லோருக்கும் பத்து மணிக்கு விளக்கு அணைப்பு. எல்லோரும் பல் தேய்க்கிற நேரத்தில் அவள் மாத்திரையைப் போட்டுக்கொள்வாள், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

தீ மூட்டும்போது புகை அடிக்கிற பக்கத்தில் மூச்சிரைப்புப் பிள்ளை உட்காரக் கூடாது. காற்றடிக்கிற திசை பார்த்து எல்லோரையும் ஒரே பக்கம் உட்கார வைத்துவிடுங்கள். இன்ஹேலர் அந்தப் பிள்ளையின் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ இருக்க வேண்டும். "மருந்தெல்லாம் என்கிட்ட குடுத்துடுங்க" என்று வாங்கி ஜீப்பில் பூட்டி வைப்பது பாதுகாப்பே இல்லை.

அட்டப்பாடி, வயநாடு பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் நோய் (ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய்) உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தண்ணீர் குடிக்காமல் நடப்பது, குளிர்ந்த ஓடையில் இறங்குவது, அளவுக்கு மீறிக் களைப்பது, இவையெல்லாம் அவர்களுக்குத் தாங்க முடியாத வலியைக் கிளப்பிவிடலாம். அரை மணிக்கு ஒருமுறை விசிலடித்து எல்லோரும் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று வையுங்கள். ஓடையில் இறங்குவது விருப்பம்தான், இறங்காதவரை யாரும் கேலி செய்யக் கூடாது என்பதும் விதி. அதோடு, பழங்குடிப் பிள்ளை என்றாலே இந்த நோய் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு அவர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது அவமானம். கேள்வி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றேதான்.

டைப் 1 சர்க்கரை, அதாவது தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டிய வகை, உள்ள பிள்ளைகளும் நம் பக்கம் இருக்கிறார்கள். கேரள அரசின் மிட்டாயி திட்டத்தில் சிகிச்சை பெறுகிறவர்களும் உண்டு. இன்சுலின் கணக்கு அந்தப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் நம்மைவிட நன்றாகத் தெரியும், அதில் நாம் புத்தி சொல்லப் போக வேண்டாம். நாம் செய்ய வேண்டியது சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகாமல் பார்ப்பது, வெயிலில் நிற்கும் வண்டிக்குள் இன்சுலின் கிடக்காமல் பார்ப்பது. அதிகம் நடந்த நாளில் சர்க்கரை பல மணி நேரம் கழித்து, ராத்திரி தூக்கத்தில்கூடக் குறையலாம், அதனால் படுக்கும் முன் எல்லோருக்கும் ஒரு சிற்றுண்டி. மயங்கிக் கிடக்கிற பிள்ளையின் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை ஒன்று வந்தாலும் அன்றைக்குக் கடலை மிட்டாய் யாருக்கும் வேண்டாம். காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை.

படுக்கையில் சிறுநீர் போகிற பிள்ளைகள் பத்துப் பதினொரு வயதிலும் உண்டு. ராத்திரி முகாமுக்கு வராமலே இருந்துவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கிறது, பெற்றோர் வேறு ஏதாவது சாக்குச் சொல்வார்கள். போனில் பேசும்போது, "ராத்திரி எழுப்பி விடணுமா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். பிள்ளை கதவோரம் படுக்கட்டும், பன்னிரண்டு மணிக்கு ஒருவர் மெதுவாகத் தொட்டு எழுப்பட்டும், மாற்று உடையும் பிளாஸ்டிக் கவரும் பையின் மேலேயே இருக்கட்டும். காலையில் எல்லோர் படுக்கையையும் வெயிலில் போடுங்கள்.

அவசரம் வந்தால்

ரகசியம் காப்பது சிகிச்சைக்குக் குறுக்கே வரக் கூடாது. டாக்டர், நர்ஸ், ஆம்புலன்ஸ்காரர் கேட்டால் கவரைப் பிரித்து எல்லாவற்றையும் கொடுங்கள். உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரத்தில் தனிச் சம்மதம் வாங்காமலே தகவலைப் பயன்படுத்தத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இடம் தருகிறது. பெற்றோரைக் கூப்பிடுவது ஒருவர் வேலை, பிள்ளையோடு ஆஸ்பத்திரி போவது இன்னொருவர் வேலை. யார் எது என்று முன்பே பேசி வையுங்கள்.

108ஐ அழைக்கும்போது நம் எல்லையில் ஒரு சிக்கல் உண்டு. போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறதோ அதைப் பொறுத்து அழைப்பு அந்தப் பக்கத்து மாநிலத்துக்குப் போகலாம். எடுத்தவுடன் மாநிலம், மாவட்டம், ஊர், பக்கத்தில் இருக்கிற செக்போஸ்ட் அல்லது அணை என்று வரிசையாகச் சொல்லுங்கள். 112ம் இரண்டு பக்கமும் வேலை செய்யும். காட்டுக்குள் வனத்துறை வழிகாட்டியின் வாக்கிடாக்கிதான் கதி, வழிகாட்டியிடம் சொல்ல வேண்டியதும் "ஒரு பிள்ளைக்கு மூச்சு வாங்குது, வண்டி வேணும்" என்பது மட்டும். பழைய கதை முழுவதையும் வாக்கிடாக்கியில் பேசினால் அந்த அலைவரிசையில் இருக்கிற எல்லோரும் கேட்பார்கள்.

சுற்றி நிற்கிற பிள்ளைகளையும் சுற்றுலாக்காரர்களையும் போனை உள்ளே வைக்கச் சொல்ல ஒருவர் வேண்டும். இரண்டு பேர் துப்பட்டாவையோ போர்வையையோ விரித்துப் பிடித்து மறைத்தாலே பாதி மானம் காப்பாற்றப்படும். மற்றப் பெற்றோர்கள் அரை மணி நேரத்தில் போன் போடத் தொடங்குவார்கள். எல்லாத் தன்னார்வலரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "ஒரு பிள்ளைக்கு உடம்பு முடியலை, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கோம், உங்க பிள்ளை நல்லா இருக்கு." யார், என்ன என்று துருவினால் "அவங்க வீட்டுக்காரங்க சொன்னா சொல்லட்டும்" என்று வைத்துவிடுங்கள்.

எதை ரகசியமாக வைக்கவே கூடாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் துன்பத்தைச் சொன்னாலோ, காயத்தைப் பார்த்து உங்களுக்கே அப்படித் தோன்றினாலோ, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098ல் குழந்தைகள் உதவி மையத்தைக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். தெரிவிப்பது கட்டாயம், பிள்ளையின் அடையாளத்தை வெளியே விடாமல் காப்பதும் கட்டாயம்.

திரும்பி வந்த பிறகு

கவர்களை அந்த வாரத்துக்குள் பெற்றோரிடம் திருப்பிக் கொடுங்கள், அல்லது இரண்டு பேர் சேர்ந்து கிழித்து எரியுங்கள். பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள், கடலை பொட்டலமாகத் திரும்பி வரும். தன்னார்வலர் குரூப்பில் யாராவது ஏதாவது எழுதியிருந்தால் எழுதியவரே "எல்லோருக்கும் அழி" கொடுக்க வேண்டும். நாளாகிவிட்டால் வாட்ஸ்அப் அதற்கு விடாது, அதனால் அன்றைக்கே செய்துவிடுங்கள். ஏதாவது சம்பவம் நடந்திருந்தால் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, என்ன செய்தோம் என்று ஒரு தாளில் எழுதிப் பொறுப்பாளர் பூட்டி வைக்கட்டும், ஒரு நகலைப் பெற்றோருக்குக் கொடுங்கள். அது வேறு கணக்கு, எரிக்கக் கூடாது.

போட்டோக்களை ஃபேஸ்புக்கில் ஏற்றும் முன் ஒருவர் உட்கார்ந்து பாருங்கள். பின்னணியில் இன்சுலின் பேனா, கையில் கட்டு, ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை, இவையெல்லாம் படத்தில் வந்துவிடும். "உடம்பு சரியில்லாமலும் மலை ஏறிச் சாதித்த சிறுவன்" என்று எழுதத் தோன்றும், நல்ல எண்ணத்தில்தான் தோன்றும். அந்தப் பையனும் வீட்டாரும் கேட்காமல் எழுதாதீர்கள்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. பதினெட்டு வயது நிரம்பாதவர் எல்லோரும் அதில் குழந்தைகள், அவர்களின் தகவலைக் கணினியிலோ போனிலோ கையாள்வதற்குப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் வேண்டும். நம் குழு பதிவு செய்யாத சின்னக் குழுதானே என்று நினைக்காமல் இப்போதே அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது.

அடுத்த பயணத்துக்குப் புதுப் படிவம் வாங்குங்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு எடையைப் பொறுத்து மருந்தின் அளவு மாறிக்கொண்டே இருக்கும், போன வருஷம் இருந்த ஒவ்வாமை இந்த வருஷம் இல்லாமல் போயிருக்கும், போன வருஷம் யாருக்கும் தெரியக் கூடாது என்ற பிள்ளை இந்த வருஷம் தானே எழுந்து நின்று சொல்லும். பழைய தாளை வைத்துக்கொண்டு "எங்களுக்குத் தெரியும்" என்று போகாதீர்கள்.